தரைக்கும் பெயிண்டுக்கும் கம்மிச் செலவில் யோசனை கேட்ட அனுபவம்

இன்டீரியர் டிசைனர் என்றாலே வீட்டை மொத்தமாக அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, சோபாவிலிருந்து திரைச்சீலை வரை அவர் காட்டுவதையே வாங்க வேண்டும் என்றுதான் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம், தரைக்கு எதைப் போடுவது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, அவ்வளவுதான் கேள்வி. இதற்கு மட்டும் யாராவது உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து தருவார்களா, கையைக் கடிக்காத கட்டணத்தில் அது நடக்குமா என்று தேடிப் பார்த்தோம். நடக்கும். எப்படி நடந்தது, அதில் என்னவெல்லாம் தெரிந்துகொண்டோம் என்று எழுதுகிறேன், இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் இலவச யோசனை. அதற்குப் பஞ்சமே கிடையாது. டைல்ஸ் கடையில் தருவார்கள், பெயிண்ட் கடையில் தருவார்கள், மேஸ்திரி தருவார், பெயிண்டர் தருவார், வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள் எல்லாரையும் விட அதிகமாகத் தருவார்கள். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டால் தலைதான் சுற்றும். யாருக்கு எது தெரியுமோ அதை மட்டும் அவரிடம் கேட்பது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

டைல்ஸ் கடையில் போய் "எதுங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டால், கிடங்கில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் நல்லா இருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பிழைப்பு அது. ஆனால் அதே ஆளிடம் "இது தண்ணி எவ்வளவு குடிக்கும், வழுக்குமா, எத்தனை வருஷத்துல மேல்பூச்சு தேயும்" என்று கேட்டுப் பாருங்கள், பெட்டியைத் திருப்பி அச்சடித்ததைக் காட்டியாக வேண்டும். போர்சலைன் என்று விற்கும் டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேலே மெருகுப்பூச்சு உள்ள டைல்ஸாக இருந்தால் தேய்மானத்துக்கு பிஇஐ என்று 0 முதல் 5 வரை ஓர் எண் உண்டு, வீட்டுத் தரைக்கு 3க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வழுக்கலுக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு வரிசை. ஈரம் படும் இடத்தில் ஆர்10ஆவது வேண்டும், அதற்கு மேலே இருந்தால் இன்னும் நிம்மதி. மரம் போல இருக்கும் லாமினேட் பலகைக்குத் தேய்மானத்தைச் சொல்வது ஏசி என்று ஆரம்பிக்கும் எண், கூடத்துக்கு ஏசி3 போதும். இதையெல்லாம் கேட்டாலே பாதி டைல்ஸ் தானாகக் கழன்றுவிடும். பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னியதில் சிலவற்றை இப்படித்தான் ஒதுக்கினோம், வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஈரக் காலோடு நடக்கிற பிள்ளைகளும் உண்டு.

மேஸ்திரியிடம் நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கே வெட்டு விழும் என்று கேளுங்கள். எங்கள் மேஸ்திரி சிமெண்ட் குழைக்கும் முன்னாலேயே ஒரு வரிசை டைல்ஸை வெறுமனே தரையில் அடுக்கிக் காட்டினார். ஒரு மூலையிலிருந்து முழு டைல்ஸாக ஆரம்பித்துக்கொண்டு போனால் வாசற்படி ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டுதான் வந்து நிற்கிறது, நுழைந்ததும் கண்ணில் படுவதே அந்தத் துண்டுதான். அறையின் நடுவிலிருந்து ஆரம்பித்தால் இரண்டு ஓரத்திலும் அரை டைல்ஸுக்கு மேல் வருகிறது. எந்த டிசைனரும் வரைபடத்தில் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே பதித்துவிடலாமா என்ற கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார்: பதிக்கலாம், உடைக்கிற செலவும் தூசியும் மிச்சம், ஆனால் எல்லாக் கதவையும் கழற்றி அடியில் சீவ வேண்டும், குளியலறை வாசலில் உயரம் ஏறி இடறும், பழைய தரையில் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் இடங்களை முதலில் பெயர்த்துவிட வேண்டும்.

பெயிண்டரிடம் கேட்க வேண்டியது சுவரின் நிலைமை. நாங்கள் கொஞ்சம் பளபளப்பான ஷீன் வகை அடிக்கலாம், துடைக்கச் சுலபம் என்று இருந்தோம். அவர் கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். பட்டி பார்த்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தெரிந்தது. "அக்கா, ஷீன் அடிச்சா இது அத்தனையும் வெளிய வரும், பளபளப்பில்லாத மேட்னா முழுங்கிடும்" என்றார். சுவர் சமமாக இருந்தால் ஷீன், இல்லையென்றால் மேட், அல்லது பட்டியை இன்னொரு தடவை தேய்த்துச் சமன்செய்யும் கூலி. இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

சரி, இவ்வளவும் கேட்ட பிறகும் நிறம் மட்டும் அப்படியே நின்றது. அங்கேதான் காசு கொடுத்து யோசனை வாங்குவது என்று முடிவுக்கு வந்தோம்.

டிசைனர்கள் கட்டணம் வாங்கும் விதம் பலவகை. மொத்த வேலைச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குபவர்கள் உண்டு, அறைக்கு இவ்வளவு என்று பேசுபவர்கள் உண்டு, மணிக்கணக்கில் வாங்குபவர்கள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு மூன்றாவதுதான். பலர் இதை விளம்பரத்தில் போடுவதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும். நான் எல்லாரிடமும் முதலில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒரு தடவை மட்டும் நேரில் வந்து, தரையையும் நிறத்தையும் மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவீர்களா? நீங்கள் சொல்லும் கடையில் நாங்கள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் உண்டா? இரண்டாவது கேள்விக்குச் சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் போனையே வைத்துவிட்டார். கமிஷன் வாங்குவது ஒன்றும் பாவமில்லை, ஆனால் அது உண்டு என்று தெரிந்தால் அவர் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நமக்கும் தெரியும். "கட்டணம் மட்டும்தான், எங்க வேணா வாங்கிக்கோங்க" என்று நேராகச் சொன்ன ஒரு பெண்மணியைத்தான் கூப்பிட்டோம். சொந்தமாகத் தொழில் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு இப்படித் தனியாக வந்தவர்களுக்கு அனுபவம் இருக்கும், கட்டணமும் ஏறியிருக்காது. கடைசியில் அவருக்குக் கொடுத்தது தரைக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான்.

பெயிண்ட் நிறுவனங்களே கலர் ஆலோசகர்களை அனுப்புவதும் உண்டு, சில இடங்களில் இலவசமாக, சில இடங்களில் பெயிண்ட் வாங்கும்போது கழித்துக்கொள்ளும் கட்டணத்துக்கு. மோசமில்லை. அவர்கள் நிறுவனத்து ஷேடுகளுக்குள்தான் நிற்பார்கள், அது பரவாயில்லை, ஆயிரக்கணக்கில் ஷேடு இருக்கிறது. தரை ஏற்கெனவே முடிவாகிவிட்டவர்களுக்கு இதுவே போதும் என்பேன். வீடியோ அழைப்பில் யோசனை சொல்பவர்கள் இன்னும் குறைவாக வாங்குகிறார்கள், ஆனால் அதில் ஒரு வில்லங்கம்: கைப்பேசிக் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். மஞ்சள் விளக்கில் எடுத்த சுவரை வெள்ளையாக்கிக் காட்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்தால் பார்ப்பவருக்கு ஓரளவு பிடிபடும். நிறத்தைப் படமாக அனுப்பாமல் ஷேடு எண்ணாகவே அனுப்பினால் அவர் கையில் இருக்கும் அட்டையில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். சுவரில் நிறம் மாற்றிக் காட்டும் செயலிகளும் அப்படித்தான், அடர் நிறமா வெளிர் நிறமா, எந்தச் சுவர் மட்டும் வேறு நிறம் என்று பார்க்க அவை போதும், திரையில் தெரியும் ஷேடை நம்பி டப்பா வாங்கக் கூடாது.

மணிக்கணக்கில் காசு என்பதால் அவர் வருவதற்கு முன்னால் கொஞ்சம் தயாரித்து வைத்தேன். மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டெல்லாம் எடுத்துப் போகிறோமே, அந்த மாதிரி. அறைகளின் நீள அகலமும் ஜன்னல்கள் எந்தத் திசையில் என்பதும் குறித்த ஒரு கைவரைபடம். காலை, மதியம், இரவு விளக்கு போட்ட பிறகு என்று ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள். மாற்றப்போவதில்லை என்று முடிவான பொருட்களின் பட்டியல், எங்களுக்கு அது மரக் கதவுகளும் நிலைகளும் அடுப்படி மேடையில் உள்ள கறுப்புக் கிரானைட்டும். வீட்டில் யார் யார், எப்படிப் புழங்குகிறோம் என்று நாலு வரி. செலவுக்கு மேல்வரம்பு. இதையெல்லாம் முதல் நாளே அனுப்பிவிட்டதால் வந்ததும் "உங்களுக்கு என்ன பிடிக்கும்" என்ற கதையில் நேரம் போகவில்லை. கேள்வியையும் மாற்றி வைத்திருந்தேன். என்ன போடலாம் என்று கேட்டால் அவர் புதிதாக இன்னும் பத்து காட்டுவார், குழப்பம் கூடும். இதோ எங்களுக்குப் பிடித்தவை, இதில் எதைக் கழிக்கலாம், ஏன் என்று கேட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்தக் கழித்தலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல நிறங்களுக்கு உலகத்தில் குறைவில்லை, இந்த வீட்டுக்கு எது ஒத்துவராது என்று சொல்லத்தான் பழகிய கண் வேண்டும்.

அவர் செய்ததைப் பார்க்கவே சுவாரசியமாக இருந்தது. நாங்கள் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த மாதிரி டைல்ஸ்களைப் படம் மாதிரி கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதையெல்லாம் வாங்கித் தரையில் போட்டார். தரையைத் தரையில் வைத்துத்தான் பார்க்கணும், சுவரை நிறுத்தி வைத்துத்தான் பார்க்கணும் என்றார். படுத்திருக்கும் பரப்பில் விழும் வெளிச்சம் வேறு, நிற்கும் பரப்பில் விழுவது வேறு, ஷேடு கார்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து முடிவெடுத்தால் சுவரில் வரும்போது அது இன்னொரு நிறமாகத்தான் இருக்கும். அப்புறம் வீட்டில் எரிந்த விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்த ஒரு சாம்பல் நிற டைல்ஸை எடுத்துக் கதவு நிலையின் அடியில் ஒட்டி வைத்தார். கடையில் நடுநிலையாக, பாந்தமாக இருந்த டைல்ஸ், செம்பழுப்பு மரத்துக்குப் பக்கத்தில் பட்டென்று பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தது, ஏதோ பாசி படிந்த மாதிரி. "சாம்பல்னு தனியா ஒண்ணு கிடையாதுங்க, நீலச் சாம்பல், பச்சைச் சாம்பல், ஊதாச் சாம்பல், மண் சாம்பல், எதுன்னு பார்க்கணும்" என்றார்.

இது கண்ணின் வேலை. பிரான்சில் மிஷெல் யூஜென் செவ்ரல் என்ற வேதியியலாளர் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று புகார் வந்ததாம். ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நூலின் நிறம்தான் கறுப்பை வெளுப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார், 1839இல் அதை விரிவாக எழுதியும் வைத்தார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். சிவப்பு மரத்துக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சைக்குச் சாய்வது அதனால்தான். ஒரு நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் சாயலை வீட்டிலேயே கண்டுபிடிக்க எங்கள் டிசைனர் ஒரு சுலபமான வழி காட்டினார்: சந்தேகமான நிறத்தை ஒரு வெள்ளைத் தாள் மேல், அதே மாதிரியான வேறு மூன்று நான்கு நிறங்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், தனியாக இருக்கும்போது ஒளிந்திருந்த நீலமோ மஞ்சளோ வெளியே வந்துவிடும். வெள்ளைகளுக்கும் இதே கதைதான்.

தரையை முடித்துவிட்டுத்தான் பெயிண்டுக்கே போனார். நாங்கள் தலைகீழாக முதலில் சுவர் நிறத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். தரை கடையில் இருக்கும் ஒரு சில நிறங்களில்தான் கிடைக்கும், போட்டால் எடுப்பது பெரும்பாடு. பெயிண்ட் எந்தச் சாயலிலும் கலந்து தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் மேலே இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். ஆகவே இறுக்கமானதை முதலில் பிடித்துவிட்டு இளகியதை அதற்கு ஏற்ப வளைக்க வேண்டும். கடைசியில் மரத்தோடு சண்டை போடாத, மணல் சாயல் கொண்ட மேட் டைல்ஸ், கூடத்திலிருந்து படுக்கையறை வரை ஒன்றே. நடுவில் மாற்றாமல் ஒரே தரையாக ஓடவிட்டதில் வீடு பெரிதாகத் தெரிகிறது, இது எங்கள் வீட்டுக்காரர் முதலில் நம்பாத விஷயம். இணைப்புக்குப் போடும் கிரவுட் டைல்ஸைவிட ஒரு சாயல் அடர்த்தியாக. வெள்ளைக் கிரவுட் வேண்டவே வேண்டாம், நடமாட்டம் உள்ள இடத்தில் அழுக்கேறித் திட்டுத் திட்டாகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஷேடு எண் இருக்கும், எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்க்க வேண்டும். ஒரே பெயர், ஒரே மாடல் என்றாலும் வேறு தடவை சுட்டது வேறு சாயலில் வரும். பரப்பளவுக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், குறுக்காக மூலைவிட்டமாகப் பதிப்பதானால் 15. மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் குழாய் வேலைக்கு இரண்டு டைல்ஸ் உடைத்தால் அதே சாயல் எங்கேயும் கிடைக்காது. பதிக்கும்போது இரண்டு மூன்று பெட்டிகளிலிருந்து கலந்து எடுத்துப் பதிக்கச் சொல்ல வேண்டும்.

பெயிண்டில் நான் சந்தோஷப்பட்ட விஷயம், முதலில் விளக்கைப் பற்றிப் பேசியது. பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பு மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 நீலம் பாய்ந்த வெள்ளை. எங்கள் வீட்டில் அறைக்கு அறை வேறு வேறாக, ஒரே அறையில் கூட இரண்டு விதமாக இருந்தது. "பல்பை முடிவு பண்ணாம பெயிண்டை முடிவு பண்ணாதீங்க" என்றார். பல்பு அட்டையில் சிஆர்ஐ என்று இன்னோர் எண்ணும் இருக்கும், 80 சாதாரணம், 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளது உள்ளபடி தெரியும். பல்பு மாற்றுவது இந்த வேலைகள் எல்லாவற்றிலும் மலிவானது.

ஷேடு எண்ணுக்குப் பக்கத்தில் எல்ஆர்வி என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்ற அளவு, கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். 50க்குக் கீழே போனால் திருப்பித் தருவதைவிட விழுங்குவது அதிகம். ஜன்னல் சிறிதாக இருந்த படுக்கையறைக்கு நாங்கள் எடுத்து வைத்திருந்த நீலத்தை அவர் கழித்தது இந்த எண்ணை வைத்துத்தான், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும் என்றார். ஆனால் இருட்டறை என்பதாலேயே வெள்ளை அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், வெளிச்சமே வராத இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத்தான் நிற்கும், அங்கே லேசாக மஞ்சள் சாய்ந்த வெளிர் நிறம் மேல்.

மாதிரி பார்க்கும் விதமும் நாங்கள் வழக்கமாகச் செய்வதற்கு எதிராக இருந்தது. சுவரில் அங்கங்கே திட்டுத் திட்டாக அடித்துப் பார்ப்போமே, அது வேண்டாம், பழைய நிறம் சுற்றிலும் இருந்துகொண்டு புதியதைக் கெடுக்கும். பெரிய கெட்டி அட்டையில் சிறு மாதிரி டப்பாவை வாங்கி இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, நன்றாகக் காய்ந்ததும் சுவர் சுவராக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் இருக்கும் நிறத்தை வைத்து எதுவும் பேசக் கூடாது. ஜன்னல் உள்ள சுவர், அதற்கு எதிர்ச்சுவர், மூலை, சோபாவுக்குப் பின்னால், அடிப்பாகம் புதிய டைல்ஸில் பட்டபடி. கிழக்கு ஜன்னல் அறையில் காலையில் தங்கமாக இருந்த அட்டை சாயங்காலம் செத்துப்போய் இருந்தது, அந்த அறையில் நாங்கள் இருப்பதே சாயங்காலம்தான் என்பதால் அதையும் கழித்தாயிற்று. நான்கு சுவரிலும் ஏறிய பிறகு ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி எல்லாமே கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், பெயிண்டரும் இதையே வேறு வார்த்தையில் சொன்னார். அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுத்தோம்.

அம்மாவுக்காக அவர் சொன்ன ஒன்று எனக்குத் தோன்றியே இருக்காது. தரையும் சுவரும் ஒரே மாதிரி வெளிறிய நிறமாக இருந்தால் கண் மங்கியவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது என்று பிடிபடாது, ஆகவே அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையை அடர் நிறத்தில் போடச் சொன்னார். படி விளிம்பிலும் அப்படியே. அழகுக்கும் அது கெடுதலாக இல்லை.

அளவுக் கணக்கு பெரிய விஷயமில்லை, எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் பிடிக்கும், டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு கோட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், புதிய பட்டி மேல் பிரைமர் இல்லாமல் அடித்தால் கூடக் குடிக்கும். புதுப் பூச்சுச் சுவர் என்றால் 28 நாளாவது காயவிடாமல் பெயிண்ட் பக்கமே போகக் கூடாது. ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே நேரத்தில் கலந்து வாங்கி, இரண்டு மூன்று டப்பா என்றால் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுவர் நடுவில் சாயல் மாறித் தெரியும்.

போகும் முன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரக் கேட்டேன்: டைல்ஸ் பெயர், அளவு, கிரவுட் நிறம், அறைவாரியாக பெயிண்டின் ஷேடு எண், மேட்டா ஷீனா, பல்பின் கெல்வின். வாயால் சொல்லிவிட்டுப் போனால் வேலை நடக்கும்போது மேஸ்திரி ஒன்று கேட்பார், பெயிண்டர் ஒன்று கேட்பார், நமக்குப் பாதி மறந்திருக்கும். வேலை முடியும் வரை போனில் ஓரிரு சந்தேகம் கேட்டுக்கொள்ளலாமா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது கட்டணத்துக்குள்ளேயே அடங்கியது, குளியலறைக் கூரைக்கு என்ன அடிப்பது என்று பெயிண்டர் கேட்டபோது அப்படித்தான் கூப்பிட்டுக் கேட்டோம், பூஞ்சை பிடிக்காத வகையில் வெள்ளை என்று அரை நிமிடத்தில் முடிந்தது.